பத்து விரல் ரேகை

தவக்காலம் வந்தால் எடமலைப்பட்டி புதூர் வேதக்காரர்கள் ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். பெரும்பாலும் கறியை விடுவார்கள். சிலர் பீடியை, சிலர் டீயில் சர்க்கரையை. கோபத்தை விடுகிறேன் என்று சாம்பல் புதனன்று நெற்றிச் சிலுவையோடு சொல்லிவிட்டு, வீடு வந்து சேர்வதற்குள் ஆட்டோக்காரரிடம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. இந்த வருஷம் அமலராணி வேலையை விட்டாள். பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது, புளி கரைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கல் பட்டறை, ஈஸ்டர் வரைக்கும் ஒன்றும் கிடையாது. அவள் கணவர் ஸ்டீபன்ராஜ் தனியாக எதையும் விட வேண்டிய அவசியம் வரவில்லை. அவள் விட்டதெல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது.

இது பக்தியில் வந்த விரதமல்ல. சிங்கப்பூர் போலீஸால் வந்தது.

அவர்களுடைய ஒரே மகள் டெல்பின் கனடாவில் நர்ஸ். புருஷனுக்குக் கப்பலில் வேலை, கரையில் இருக்கும் நாட்கள் குறைவு. குறைமாதத்தில் ஒரு பையன் பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறான். டெல்பினின் லீவு முடிவதற்குள் அம்மா வந்தாக வேண்டும். வந்தால் இரண்டு வருஷம் இருக்க வேண்டும். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது, அவரால் போக முடியாது. அமலராணியை அனுப்ப விசா கேட்டால், ஆறு மாதத்துக்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டுப் போலீஸிடமிருந்தும் இவள் ஒழுங்கானவள் என்று சான்று கொண்டுவா என்றார்கள். இங்கே கேட்டது சுலபமாகக் கிடைத்துவிட்டது. ஆனால் அமலராணி எட்டு வருஷம் சிங்கப்பூரில் வீட்டு வேலை பார்த்தவள். அந்த ஊர் போலீஸ், பத்து விரல் ரேகையையும் மையில் எடுத்து அனுப்பச் சொன்னது. அனுப்பினார்கள். ரேகை தெளிவாக இல்லை, தயவுசெய்து மீண்டும் எடுத்து அனுப்பவும் என்று பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். திட்டுவதற்கு ஒரு வார்த்தைகூட அதில் கிடைக்கவில்லை என்பதுதான் ஸ்டீபன்ராஜுக்கு எரிச்சல்.

மறுபடி எடுக்கப் போனபோது கைரேகைப் பிரிவில் இருந்தது மட்டுவார்குழலி என்ற சப் இன்ஸ்பெக்டர். தாயுமான சாமி கோயில் அம்மன் பேரைத் தாங்கிய, கண்ணாடி போட்ட, சிரிக்காமல் கிண்டல் பண்ணுகிற பெண்மணி. அமலராணியின் கையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"என்ன வேலைம்மா பாக்குறீங்க?"

"கல்லு பட்டறைங்க. மூக்குத்திக்கு, தோட்டுக்கு வைப்பாங்கள்ல, அமெரிக்கன் டைமண்டு. அதுக்குப் பட்டை போடுறது."

"எத்தன வருஷமா?"

"சிங்கப்பூர்லேர்ந்து வந்ததுலேர்ந்துங்க."

"கல்லுல பட்டை ஏற ஏற உங்க வெரல்ல ரேகை எறங்கிருச்சு. ரேஷன் கடையில விழுதா?"

"எங்கங்க விழுது. இவருதான் போயி வச்சுட்டு வாங்கிட்டு வருவாரு."

மட்டுவார்குழலி லென்ஸை வைத்தார். "இது போயிட்டதுன்னு நெனைக்காதீங்க. உள்ள இருக்கு. சும்மா விட்டா மேல வரும். கல்லத் தொடாதீங்க. சோப்பு, கம்பி நாரு, புளி, எதுவும் கூடாது. படுக்கும்போது வெளக்கெண்ண போடுங்க. ஈஸ்டர் வரைக்கும் பொறுத்தா நல்லா வந்துரும்."

"வீட்டு வேலைய யாருங்க பாக்குறது?"

சப் இன்ஸ்பெக்டர் ஸ்டீபன்ராஜைப் பார்த்தார். "சாருக்கு எங்க வேல?"

"பொன்மலை ஒர்க்‌ஷாப்புங்க. ஃபிட்டர்."

"அவ்ளோ பெரிய எஞ்சினக் கழட்டி மாட்டுறவரு ஒரு குக்கர மாட்ட மாட்டாராக்கும்."

குக்கரை மாட்டினார். அதிலொன்றும் குறையில்லை. சாதம் குழைந்தால் கஞ்சி என்றார், விறைத்தால் புளிச்சோற்றுக்கு ஆகும் என்றார். முசிறிப் பக்கமிருந்து வருகிற வாழைக்காயைத் தோல் சீவத் தெரியாமல் சீவி, கையெல்லாம் கறையோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். டெல்பின் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளைக் கான்வென்ட் ஹாஸ்டலில் விட்டுவிட்டு எட்டு வருஷம் கேன்டீன் சாப்பாட்டில் காலம் தள்ளியவர் அவர். அடுப்படி அவருக்குப் புது ஊர்.

அமலராணி பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து கையை மடியில் போட்டுக்கொண்டு, "தாளிக்கும்போது அடுப்பக் கொறைங்க, கடுகு முகத்துல தெறிக்கும்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். தெறித்த பிறகு, "சொன்னேன்ல" என்பாள். சும்மா இருப்பது இத்தனை கஷ்டமான வேலை என்று அவளுக்கு இதுவரை தெரியாது. பூ கட்டக் கூடாது, நார் அறுக்கும். கோலப்பொடி கூடாது, விரலை அரிக்கும். செபமாலை உருட்டலாமா என்று மட்டுவார்குழலிக்கே போன் போட்டுக் கேட்டாள். "மெதுவா உருட்டுங்க" என்று பதில் வந்தது.

பட்டறை ஹபீபுல்லாவுடையது. இரண்டு தெரு தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, வரிசையாகச் சக்கரங்கள். குச்சி முனையில் அரக்கால் கல்லை ஒட்டி, சுற்றுகிற சக்கரத்தில் வைத்து, நீரும் பொடியுமாகப் பட்டை பட்டையாகத் தேய்க்க வேண்டும். கல் கடுகுபோல இருக்கும். கல் எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்று சக்கரத்துக்குத் தெரியாது. அமலராணி வரமாட்டாள் என்று சொல்லப் போன ஸ்டீபன்ராஜிடம் ஹபீபுல்லா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். இந்த வருஷம் ரமலான் நோன்பும் தவக்காலமும் ஒரே வாரத்தில் ஆரம்பித்திருந்தன. பசி முகத்தில் தெரிந்தாலும் குரல் தணிவாகத்தான் இருந்தது.

"தங்கச்சி கை மாதிரி கை இங்க யாருக்கும் இல்லண்ணே. ஆனா சக்கரத்தச் சும்மா போட முடியாது. வேற ஆள உக்கார வச்சுட்டா, அப்பறம் எந்திரின்னு சொல்றது பாவம். நீங்களே சொல்லுங்க."

ஸ்டீபன்ராஜ் சொன்னதுதான் அவருக்கே ஆச்சரியம். "நான் உக்கார்றேன் பாய். ஷிப்டு முடிஞ்சு வந்து உக்கார்றேன்."

"நீங்களா?"

"சொல்லிக்குடுங்க. இரும்பத் தேய்க்கிறவனுக்குக் கல்லு தேய்க்க வராதா?"

வரவில்லை. முதல் வாரம் முழுக்கக் கல் தெறித்து ஓடியது, விரல்தான் தேய்ந்தது. ஆனாலும் மாலைதோறும் போய் உட்கார்ந்தார். சக்கரத்தில் மனைவியின் இடம் போய்விடக் கூடாது என்று எல்லாரிடமும் சொன்னார். கனடா போகிறவளுக்குப் பட்டறையில் இடம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. உண்மை இதுதான்: அந்தச் சக்கரத்தில் அவள் இடம் இருக்கும்வரை அவள் போகமாட்டாள் என்று அவருக்குள் ஒரு நப்பாசை. எட்டு வருஷம் தனியாக இருந்தவர். இன்னொரு இரண்டு வருஷம் அப்படி இருக்க அவரால் ஆகாது. பட்டறையிலிருந்து திரும்பும்போது ஹபீபுல்லா தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். வெள்ளிக்கிழமை மட்டும் ஞாபகமாகக் கறி போடாத கஞ்சி. வந்து, அவளுக்கு ஊட்டாத குறையாகச் சாப்பாடு போட்டு, விளக்கெண்ணெய் எடுத்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிடுவார். அவளை அனுப்புவதற்காகத்தான் தேய்த்தார். அனுப்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் தேய்த்தார்.

டெல்பின் போன் செய்தாள். படத்தில் பையன் ஒரு கைப்பிடி இருந்தான். கண் மட்டும் பெரிசு.

"என்னம்மா ஆச்சு வெரலு?"

"வருதுடி. அப்பா எண்ண போட்டு விடுறாரு. சனிக்கிழம வரச் சொல்லியிருக்காங்க, இப்பவே எப்புடி வந்திருக்குன்னு பாத்து, நல்லாருந்தா எடுத்துருவாங்களாம்."

டெல்பின் பையனைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். தூங்காத முகம். பிறகு சொன்னாள்: "ரெண்டாங் கிளாஸ் படிக்கும்போதுலேர்ந்து அந்த ஊருதான் உன்ன வச்சிருந்துச்சு. இப்பவும் அதே ஊருதான் விடமாட்டேங்குது. இல்லம்மா?"

ஸ்டீபன்ராஜ் போனை வாங்கி, "புள்ள பால் குடிக்கிறானா?" என்று வேறு பேச்சுக்குப் போனார்.

அந்த வாரம் சூசையப்பர் திருநாள் வந்தது. தவக்காலத்துக்கு நடுவே ஒருநாள் இனிப்புக்கு அனுமதி. ஸ்டீபன்ராஜ் சேமியா பாயசம் வைத்தார். பால் அடிபிடித்துவிட்டது. பாயசத்தில் தீய்ந்த வாசனை அடித்தாலும் இரண்டு பேரும் குடித்தார்கள். பாத்திரத்தின் அடியில் கறுப்பாக ஒரு தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஷிப்டுக்குக் கிளம்பும் முன் எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்றைக்கும் எல்லாவற்றையும் தேய்த்தார், அந்த ஒன்றைத் தவிர. அதில் தண்ணீர் ஊற்றி வைத்தார். அமலராணியின் கை படக் கூடாது என்று கம்பி நாரைப் பரண்மேல் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அதை எடுத்தார். தொட்டிக்குள் அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அழுக்குப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு அமலராணியால் ஒரு பொழுதைக் கழிக்க முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு டூவீலரை எடுத்துக்கொண்டு பொன்மலைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து எடுத்துவிடலாம் என்று பாலத்தில் ஒருதரம் வண்டியை நிறுத்தினார். ஷிப்டு சங்கு ஊதியது. போய்விட்டார்.

சாயந்திரம் வந்தபோது பாத்திரம் மேடைமேல் பளபளவென்று கவிழ்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

சனிக்கிழமை மட்டுவார்குழலி லென்ஸ் வைத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்து, வலது கையில் வந்து சுருங்கியது.

"நேத்து என்ன பண்ணீங்க?"

"பாத்திரம் தேச்சேங்க."

"எத்தன?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க."

"எட்டு வெரல் கண்ணுல ஒத்திக்கிற மாதிரி வந்திருக்கு. கட்ட வெரலும் ஆள்காட்டி வெரலும் சொரண்டிப் போயிருக்கு. இப்ப எடுத்து அனுப்பிச்சா திருப்பி அனுப்பிருவாங்க. ஒரு பாத்திரம்மா." அவர் கோபத்தில் சத்தம் போடவில்லை. அதுதான் ஸ்டீபன்ராஜுக்குத் தாங்கவில்லை. "ஈஸ்டர் முடிஞ்சு வாங்க."

வெளியே வந்து, வீட்டுக்குப் போகிற பஸ் ஏறாமல், எதிரே வந்த ஒன்றாம் நம்பரில் ஏறினாள் அமலராணி. அவரும் பின்னாலேயே ஏறினார். காவிரிப் பாலம் தாண்டியதும் அம்மா மண்டபத்தில் இறங்கினாள். படித்துறையில் திதி செய்துவைக்கும் சவுண்டிகள், தர்ப்பைக் கட்டுகள், ஈரத்துணியோடு முதுகு காட்டி நிற்கும் பிள்ளைகள். ஆற்றில் தண்ணீர் இறங்கி நடுவிலே மணல் தெரிந்தது. கழுத்தில் சிலுவை தொங்க, நிழலாக இருந்த ஒரு படியில் உட்கார்ந்தாள். அவர் ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"அந்தக் கம்பி நாரு பரண்லல்ல இருந்துச்சு" என்றாள்.

"ஆமா."

"நீங்கதான எடுத்து வச்சீங்க?"

"ஆமா ராணி. நான்தான் வச்சேன்." அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ போயிருவேன்னு வச்சேன். என்னால முடியல. நீ வாம்மான்னு புள்ள கூப்புடுது, எனக்கு நீ போகாதன்னு வாய் வரமாட்டேங்குது. அந்த நாயி வேலையச் செஞ்சேன். நம்ம பேரப்புள்ளைக்குச் செஞ்ச பாவம் இது."

அமலராணி தன் கட்டை விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"தொட்டில நாரப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் தேச்சேன்."

அவர் திரும்பினார்.

"எனக்கு மட்டும் ஏரோப்ளேன் ஏற ஆசையாங்க? சிங்கப்பூர்ல ஃப்ளாட்டுக்குக் கீழ ஸ்கூல் பஸ் வந்து நிக்கும். அவங்க புள்ளைங்களுக்கு டிபன் கட்டிக் குடுத்து ஏத்தி விடுவேன். நம்ம புள்ளைக்கு யாரு கட்டிக் குடுப்பான்னு நெனச்சுக்கிட்டே ஏத்தி விடுவேன். எட்டு வருஷம். மறுபடி உங்கள ஒத்தையா விட்டுட்டு ஒரு ஊருக்குப் போக எனக்கு மனசே வரல. அந்த நாரப் பாத்ததும், சரி, இவரே வேணாங்குறாரு, நம்ம என்ன செய்யிறதுன்னு எடுத்தேன். தேய்க்கும்போது சந்தோஷமா இருந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு வேல செய்யிற சந்தோஷம். கழுவிக் கவுத்துனதுக்கு அப்பறந்தான் போன்ல பாத்த அந்தக் கண்ணு ஞாபகம் வந்துச்சு."

சொல்லி முடித்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். ஸ்டீபன்ராஜ் என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். யாரும் இவர்களைக் கவனிக்கவில்லை. அந்தப் படித்துறையில் அழுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை.

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட சொல்ல வேண்டியத ரெங்கநாதர் ஊர்ல வந்து சொல்லிட்டிருக்கோம்" என்றார்.

அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

"போயிட்டு வா ராணி."

"போகணும்" என்றாள். "அவளுக்கு நான் ஒரு தடவையாவது பக்கத்துல இருக்கணுங்க."

அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஸ்டீபன்ராஜ் கம்பி நாரை எடுத்து, பீரோவுக்குள் பாஸ்போர்ட் இருக்கிற லாக்கரில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு ஒரு ஸ்பூன்கூட அவள் தொடவில்லை. குருத்தோலை ஞாயிறன்று ஓலையை அவரே பிடித்துக்கொண்டு வந்தார். பெரிய வெள்ளிக்கிழமை கோயில் கஞ்சிக்கு அண்டா கழுவக் கூப்பிட வந்த பெண்களிடம், "இந்த வருஷம் நான் வரேன்" என்று அவரே போய்ச் சாம்பல் வைத்துத் தேய்த்தார். அவர்கள் சிரித்த சிரிப்பு ஈஸ்டர் வரைக்கும் தெருவில் கேட்டது. இத்தனைக்கும் மாலை நேரத்துச் சக்கரத்தை மட்டும் அவர் விடவில்லை. ரம்ஜான் முடிந்து பட்டறையில் ஆள் நிறைந்துவிட்டது, இருந்தும் அமலராணியின் இடத்தில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். இப்போது கல் தெறிக்கவில்லை. ஹபீபுல்லாவே கல்லைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "பரவால்லண்ணே, வித்துரலாம்" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. போய்ட்டு வா என்று வாய் சொல்லிவிட்டது, மனசு இன்னும் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம் மட்டுவார்குழலி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு மை உருளையை எடுத்தார். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, மையில் உருட்டி, தாளில் உருட்டினார். கடைசி விரல் முடிந்ததும் லென்ஸை அமலராணியிடம் நீட்டினார்.

"பாருங்க. பொறக்கும்போது நீங்க கொண்டாந்ததுதான்."

அமலராணி குனிந்து பார்த்தாள். சுற்றிச் சுற்றிப் போகிற கோடுகள், கோலம் போட்டது மாதிரி. தன் விரலை அவள் அதற்கு முன் அப்படிப் பார்த்ததே இல்லை. ஸ்டீபன்ராஜுக்கும் காட்டினாள். அவர், "நல்லாருக்கு" என்றார்.

தாளை அனுப்பிவிட்டு, அதே விரல்களோடு சென்னைக்குப் போய் கனடா விசா ஆபீஸ் மெஷினிலும் கை வைத்துவிட்டு வந்தார்கள். வெயில் ஏறியது. பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து அனல் காற்று புழுதியோடு வீட்டுக்குள் வந்தது. ஒருநாள் காலையில் டெல்பின் போன் செய்தாள். சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டதாம். வாசித்துக் காட்டினாள். இன்னார் பேரில் இந்த நாட்டில் குற்றப்பதிவு எதுவும் இல்லை.

"அவ்ளோதானா?" என்றாள் அமலராணி.

"அவ்ளோதாம்மா. வேற என்ன வேணும்?"

"இல்ல, எட்டு வருஷத்துக்கு ஒத்த வரிதானான்னு கேட்டேன்."

விசாவும் பின்னாலேயே வந்துவிடும் என்று டெல்பின் சொன்னாள். குரலில் பழைய டெல்பின் தெரிந்தாள். ஸ்டீபன்ராஜ் சந்தோஷப்பட்டார், உண்மையாகவே பட்டார். பிறகு முகம் கழுவப் போகிறவர்போல பின்பக்கம் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தார்.

அதன்பின் எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். ரேஷன் கடைக்கும் அப்படித்தான் போனார்கள். கடையில் சித்ராதேவி என்கிற பெண் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டீபன்ராஜைக் கண்டதும், மெஷினை வழக்கம்போல அவர் பக்கம் தள்ளினாள். அவர் கட்டை விரலை வைத்தார்.

"விழலையே சார். தொடச்சுட்டு வைங்க."

வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். விழவில்லை. தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைத்தார். ஆள்காட்டி விரலை வைத்தார். அடுத்த கையை வைத்தார். மெஷின் ஒவ்வொரு தரமும் முடியாது என்று கத்தியது.

"என்ன சார், போன மாசம்கூட ரெண்டு மூணு தடவ வச்சப்பறந்தான விழுந்துச்சு. இப்ப சுத்தமா இல்லையே."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஸ்டீபன்ராஜ் கையைத் திருப்பி விரல் நுனிகளைப் பார்த்தார். கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தன.

"நான் வைக்கிறேன்" என்று அமலராணி முன்னால் வந்தாள்.

"அக்கா, உங்களுக்குத்தான் வருஷக் கணக்கா விழாதே."

அவள் கட்டை விரலை வைத்தாள். ஒரே தடவை. பில் சுருண்டு வெளியே வந்தது. சித்ராதேவி அந்தத் தாளையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அரிசியையும் சர்க்கரையையும் வாங்கிக்கொண்டு வேப்பமரத்து நிழலுக்கு வந்ததும், அமலராணி பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. மட்டுவார்குழலி பார்த்தது மாதிரியே ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

"நாளையிலேர்ந்து பட்டறைக்குப் போகாதீங்க."

"எடம் போயிரும் ராணி. பாய் வேற ஆள உக்கார வச்சுருவாரு."

"உக்காரட்டும்."

அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

"நான் போனப்பறம் அரிசி வாங்க இந்தக் கையி ஒண்ணுதான் இருக்கு. கல்லத் தொடாதீங்க, சோப்பத் தொடாதீங்க, கம்பி நாரு பக்கமே போகாதீங்க. படுக்கும்போது எண்ண போட்டு விடுறேன். வந்துரும்."

"அப்ப பாத்திரத்த யாரு தேய்க்கிறது?"

அமலராணி பையை எடுத்துக்கொண்டாள்.

"போற வரைக்கும் நான் தேய்க்கிறேன்" என்றாள்.